நல்ல தண்ணீரில் தேடுங்கள்: ராமநாதபுரம் கரையில் மலேரியா கொசுவைக் கண்டுபிடிக்கும் முறை

மலேரியா கொசுவைத் தேடுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் போய் நிற்கிற இடம் சாக்கடை. அங்கே கொசு இருக்கும், நிறையவே இருக்கும். ஆனால் அது கியூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்புகிற இனம் அதில் உண்டு. மலேரியாவுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. மலேரியாவைக் கடத்துகிற அனாபிலஸுக்கு நம் கரையில் பிடித்தமான இடம், நாம் பொத்திப் பொத்திச் சேர்த்து வைக்கிற நல்ல தண்ணீர். கிணறு, தரைத்தொட்டி, மாடியில் இருக்கிற சின்டெக்ஸ் டேங்க், சவுக்குக் கன்றுக்கு ஊற்றத் தோண்டிய மணல் குழி. குடிதண்ணீருக்கு அல்லாடுகிற மாவட்டம் இது. லாரி வருகிற அன்று பிடித்து வைத்தால் அடுத்த லாரி வரும்வரை அதுதான். அந்தத் தண்ணீர்தான் கொசுவுக்கும் வேண்டியிருக்கிறது. அதனால் எங்கே தேடுவது என்று யாராவது கேட்டால், "நீங்க குடிக்கிற தண்ணி எங்க இருக்கோ, அங்க இருந்து ஆரம்பிங்க" என்றுதான் சொல்வேன்.

நான் பொது சுகாதாரத் துறையில் பூச்சி சேகரிப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ராமேஸ்வரம் தீவும், மண்டபத்திலிருந்து சாயல்குடி வரையிலான கரையோர ஊர்களும்தான் என் வேலை எல்லை. கொசு ஒழிப்புப் பணிக்குப் புதிதாக வந்திருக்கிறவர்கள், விலங்கியல் படிக்கிற பிள்ளைகள், ஊர் மேல் அக்கறை உள்ள இளைஞர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

எதைத் தேடுகிறோம்

அனாபிலஸில் பல இனம் உண்டு. இந்தக் கரையில் மூன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் வேலை நடக்கும்.

முதலாவது ஸ்டீபன்சி. ஊருக்குள் வாழ்கிற கொசு இது. கிணறு, சிமெண்ட் தொட்டி, மேல்நிலைத் தொட்டி, சம்ப் என்று மூடாத எதிலும் முட்டையிடும். கோடையிலும் நாம் தண்ணீர் பிடித்து வைப்பதால் கோடையிலும் இதற்குக் குறை இல்லை.

இரண்டாவது கியூலிசிஃபேசிஸ். நாட்டின் பெரும்பாலான கிராமங்களில் மலேரியாவைச் சுமப்பது இதுதான். ராமேஸ்வரம் தீவில் இதற்குத் தனிக் கதை உண்டு. அங்கே மணலைச் சில அடி தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். சவுக்குக் கன்று நட்டவர்கள் தோப்புக்குள்ளேயே குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரைக் கோரிக் கன்றுகளுக்கு ஊற்றுவார்கள். தெளிந்த தண்ணீர், ஓட்டம் கிடையாது, மீனும் கிடையாது. கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? 1980-களில் புதுச்சேரியில் உள்ள வி.சி.ஆர்.சி. என்ற நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மைய ஆராய்ச்சியாளர்கள் தீவில் தங்கிப் பார்த்தபோது, மலேரியா ஓயாமல் இருந்ததற்கு இந்தக் கொசுவைத்தான் காரணமாகக் கண்டார்கள்.

மூன்றாவது சப்பிக்டஸ். எண்ணிக்கையில் இதுதான் அதிகம். மழைக்குட்டை, வயல், ஊரணி ஓரம் என்று எங்கும் கிடைக்கும். பெரும்பாலும் மாட்டைக் கடிப்பதால் பல மாவட்டங்களில் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். கடற்கரையில் அப்படி விட்டுவிடக் கூடாது. இதில் உப்புத் தண்ணீரில் வளர்கிற பிரிவு ஒன்று உண்டு. தென்கிழக்குக் கடற்கரைக் கிராமங்களில் சப்பிக்டஸும் மலேரியாவைக் கடத்துகிறது என்று 1981-லேயே ஆய்வு வெளிவந்துவிட்டது. வாலிநோக்கம் பக்கம் உப்பள ஓரப் பள்ளங்களிலும், தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கழிமுகத்தை ஒட்டிய தேக்கங்களிலும் கொசுப்புழு கிடைத்தால் அதையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

நீளக் கைப்பிடி போட்ட வெள்ளை அகப்பை, வெள்ளை எனாமல் தட்டு, கிணற்றுக்குக் கயிறு கட்டிய வாளி, டார்ச், கொசுவை உறிஞ்சிப் பிடிக்கிற உறிஞ்சு குழாய், வாயில் வலை கட்டிய காகிதக் கப்புகள், ஈரப் பஞ்சு, சிறு தெர்மோகோல் பெட்டி, பென்சில். பேனா வேண்டாம், ஈரம் பட்டால் எழுத்து கலைந்துவிடும். இடமும் நேரமும் தெரியாத புழு எதற்கும் உதவாது, அதனால் சீட்டு எழுதாமல் ஒரு பாட்டிலையும் மூடாதீர்கள்.

குடிதண்ணீர்த் தொட்டிக்கும் கிணற்றுக்கும் தனி அகப்பை, தனி வாளி வைத்துக்கொள்ளுங்கள். குட்டையில் முக்கியதைத் தொட்டியில் முக்கவே கூடாது. இதில் சுத்தம் மட்டும் இல்லை, மரியாதையும் இருக்கிறது. தங்கச்சிமடத்தில் ஒரு ஆத்தா என்னிடம், "குடிக்கிற தண்ணில கண்டதையும் விடாத தம்பி, காசு குடுத்து வாங்குன தண்ணி" என்று தொட்டியை மறைத்துக்கொண்டு நின்றது. அகப்பையைப் பையிலிருந்து எடுத்து, அந்த ஆத்தா வீட்டுச் செம்பிலேயே தண்ணீர் வாங்கி, முன்னாலேயே கழுவிக் காட்டினேன். அப்புறம்தான் வழி விட்டது. முக்கி எடுத்த தண்ணீரில் புழு நெளிவதை அந்த ஆத்தாவே பார்த்தது. மறுபடி அந்தத் தெருவுக்குப் போனபோது தொட்டி வாயில் பழைய வேட்டித் துணி கட்டியிருந்தது, பக்கத்து வீட்டுத் தொட்டியிலும் கட்டியிருந்தது. வீட்டுக்காரர் கண்ணால் பார்க்கிற ஒரு அகப்பைத் தண்ணீர் அவ்வளவு வேலை செய்யும். ஆகவே எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கூப்பிட்டு அனுமதி கேளுங்கள். கீழக்கரையில் கிணறு வீட்டுக்குள் இருக்கிற பழைய வீடுகளில், ஆண்கள் இல்லாத நேரம் என்றால் பெண் பணியாளரை அனுப்புங்கள். "லாத்தா, கிணத்த ஒரு தடவ பாத்துக்கிறோம்" என்று அவர் கேட்டால் கதவு திறக்கும்.

புழு எடுப்பது

அனாபிலஸ் புழுவுக்கு நிழல் ஆகாது. உங்கள் நிழல் தண்ணீரில் விழுந்த அடுத்த நொடி அது அடியில் போய்விடும். சூரியனைப் பார்த்தபடி நின்று, நிழல் உங்கள் முதுகுக்குப் பின்னால் விழும்படி அணுகுங்கள். குழி ஓரத்து மணலைச் சரிய விடாதீர்கள். அகப்பையைச் சாய்த்து, விளிம்பு மட்டும் தண்ணீரைத் தொடுகிற மாதிரி, ஓரத்தை ஒட்டி ஒரே இழுப்பாக இழுங்கள். நடுக் குழியில் புழு குறைவு. புல், பாசி, மிதக்கிற சவுக்கு ஊசி இருக்கிற ஓரங்களில்தான் ஒட்டிக் கிடக்கும். ஒரு முறை முக்கியதும் தண்ணீர் கலங்கும், மற்ற புழுக்கள் இறங்கிவிடும். இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நில்லுங்கள், மேலே வந்துவிடும். கிணற்றில் வாளியைச் சுவர் ஓரமாக இறக்கி, மெதுவாகச் சாய்த்து எடுங்கள். தொபுக்கென்று நடுவில் போட்டால் ஒன்றும் வராது.

வெள்ளைத் தட்டில் ஊற்றிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். இங்கேதான் பாதி விடை இருக்கிறது. கியூலெக்ஸ் புழுவுக்கும் ஏடிஸ் புழுவுக்கும் வாலில் மூச்சுக்குழல் இருக்கும். குழல் நுனியைத் தண்ணீர் மட்டத்தில் வைத்து, தலைகீழாகச் சரிந்து தொங்கும். அனாபிலஸுக்கு அந்தக் குழல் கிடையாது. அதனால் உடம்பு முழுவதையும் தண்ணீர் மட்டத்தோடு ஒட்டி, படுத்த வாக்கில் மிதக்கும். குனிந்து உற்றுப் பாருங்கள்: உடம்பு அப்படியே கிடக்க, தலை மட்டும் முழுசாகத் திரும்பி, முகம் மேல் பக்கம் வந்து, வாய்த் தூரிகையால் மேல்மட்டத்தில் மிதப்பதை வாரி வாரித் தின்னும். தட்டை விரலால் ஒரு தட்டு தட்டினால் வெடுக்கென்று பின்பக்கமாக நகரும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இந்தத் தலை திரும்புவதைப் பார்க்கும்போது எனக்கு நின்று பார்க்கத்தான் தோன்றும்.

எத்தனை முறை முக்கினீர்கள், எத்தனை முறை புழு வந்தது, மொத்தம் எத்தனை, சின்னப் புழு எத்தனை, பெரிசு எத்தனை, கூட்டுப்புழு உண்டா என்று எழுதுங்கள். கூட்டுப்புழு இருந்தால் ஓரிரு நாளில் கொசு பறக்கப் போகிறது, அந்த இடத்துக்கு உடனே ஆள் போக வேண்டும் என்று அர்த்தம்.

இனம் சரியாகத் தெரிய வேண்டுமானால் புழுவைக் கொசுவாக வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். எடுத்த தண்ணீரிலேயே, பாட்டிலில் முக்கால் அளவு விட்டு, வெயில் படாமல் கொண்டு போங்கள். ஆய்வுக்கூடத்தில் நாய் பிஸ்கட் பொடியும் ஈஸ்ட்டும் கலந்து துளித் துளியாகப் போடுவோம். கூட்டுப்புழு ஆனதும் வலைக் கூண்டுக்குள் மாற்றுவோம். வீட்டில் இதைச் செய்ய வேண்டாம். ஒரு கூண்டு கிழிந்தாலும் நாமே தெருவுக்குக் கொசு வளர்த்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வளர்ந்த கொசுவைப் பிடிப்பது

விடியற்காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் போங்கள். இரவெல்லாம் ரத்தம் குடித்த பெண் கொசு அந்த நேரம் சுவரில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். மாட்டுக் கொட்டில், ஆட்டுப் பட்டி, ஓலைக் குடிசையின் உள்கூரை, கயிற்றில் தொங்குகிற துணிக்குப் பின்பக்கம், கட்டிலுக்கு அடி, மூலையில் குவித்த வலை என்று டார்ச்சை மெதுவாக ஓட்டுங்கள். கொசு தென்பட்டால் வெளிச்சத்தை நேராகக் குத்தாமல் ஓரமாகப் பிடித்து, உறிஞ்சு குழாயின் வாயை அதன் மேல் வைத்து லேசாக இழுங்கள். குழாய்க்குள் வலைத் தடுப்பு கிழியாமல் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். கப்புக்கு மாற்றி, வலை மேல் ஈரப் பஞ்சை வைத்து, தெர்மோகோல் பெட்டிக்குள் வையுங்கள். எறும்பிடமிருந்து பெட்டியைக் காப்பாற்றுங்கள். பிடித்த கொசு முழுவதையும் எறும்பு தின்றுவிடும்.

கணக்கு சுலபம். பிடித்த கொசுவை 60-ஆல் பெருக்கி, தேடிய நிமிடத்தையும் ஆள் எண்ணிக்கையையும் பெருக்கி வந்ததால் வகுத்தால், ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் பிடிக்கிற அளவு வரும். இரண்டு பேர் 15 நிமிடம் தேடி 6 பிடித்தால் 12. இந்த எண்ணை வைத்துத்தான் போன மாதத்தோடு இந்த மாதத்தையும், பாம்பனோடு உச்சிப்புளியையும் ஒப்பிட முடியும். அதனால் தேடும் நேரத்தைக் கூட்டிக் குறைத்து எழுதாதீர்கள்.

தன் காலை நீட்டி, உட்கார வருகிற கொசுவைப் பிடிக்கிற முறை ஒன்றும் உண்டு. அதை முயற்சிக்கவே வேண்டாம். விளக்கு வைத்துக் கொசுவை இழுக்கிற ஒளிப்பொறி போதும்.

உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தே அனாபிலஸை ஓரளவு சொல்லிவிடலாம். பின்பக்கத்தைத் தூக்கி, சுவரில் அடித்த ஆணி மாதிரி சாய்ந்து நிற்கும். கியூலெக்ஸ் சுவருக்கு இணையாகக் கூனி உட்காரும். ஆனால் கியூலிசிஃபேசிஸ் மட்டும் அனாபிலஸாக இருந்தும் கியூலெக்ஸ் மாதிரியே தாழ்ந்து உட்காரும். புதியவர்கள் இதைத்தான் தவற விடுவார்கள். ஆகவே சந்தேகமானதையும் பிடித்து வாருங்கள்.

பூதக்கண்ணாடிக்கு அடியில் முதலில் ஆணா பெண்ணா என்று பாருங்கள். உணர்கொம்பு புசுபுசுவென்று இறகு மாதிரி இருந்தால் ஆண், ரத்தம் குடிக்காது. பெண் என்றால் கொசு ரத்தம் உறிஞ்சுகிற வாய்க் குழலுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற பால்ப் உறுப்பைப் பாருங்கள். அது குழல் நீளத்துக்கே இருந்தால் அனாபிலஸ். குட்டையாக இருந்தால் வேறு. அடுத்து சிறகு. நம் கரை அனாபிலஸ் மூன்றுக்கும் சிறகில் கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளி இருக்கும். அப்புறம் கால். தொடையிலிருந்து கீழ்வரை வெள்ளைப் பொடி தூவின மாதிரி இருந்து, பால்ப்பிலும் அந்தப் பொடி இருந்தால் ஸ்டீபன்சி. கால் பொடி இல்லாமல், பாத மூட்டுகளில் வெள்ளை வளையம் மட்டும் இருந்தால் சப்பிக்டஸாக இருக்கலாம். உருவம் சின்னது, கால் முழுக்கக் கறுப்பு, வளையமே தெரியவில்லை என்றால் கியூலிசிஃபேசிஸ் பக்கம் யோசியுங்கள். முடிவை ஆய்வுக்கூடத்துக்கு விட்டுவிடுங்கள். செதில் உதிர்ந்த கொசுவை வைத்துப் பெயர் சொல்லக் கூடாது.

வயிற்றையும் கவனியுங்கள். காலி, முழு ரத்தம், பாதி ரத்தம் பாதி முட்டை, முழு முட்டை என்று நான்கு நிலை. இதைக் குறிப்பது ஏன் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறார்கள்

ஒரு கொசு மலேரியா நோயாளியைக் கடித்த உடனே அடுத்தவருக்கு நோயைக் கொடுத்துவிடாது. கிருமி அதன் இரைப்பைச் சுவரில் முடிச்சு மாதிரி வளர்ந்து, வெடித்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் அதற்குக் கிட்டத்தட்ட 10 முதல் 14 நாள் ஆகும். இரைப்பைச் சுவரில் இருக்கிற அந்த முடிச்சைத்தான் ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் பார்த்தார். ஆக, ஆபத்து இளம் கொசுவிடம் இல்லை, வயதான கொசுவிடம். அதனால்தான் கொசுவின் வயதைப் பார்க்க இவ்வளவு மெனக்கெடுகிறார்கள். சினைப்பையைப் பிரித்து நுண்ணோக்கியில் வைத்தால், ஒரு முறையும் முட்டையிடாத கொசுவில் மூச்சுநாளங்களின் நுனி சுருள் சுருளாக இருக்கும். முட்டையிட்டது என்றால் சுருள் அவிழ்ந்திருக்கும். முட்டையிட்ட கொசு அதிகமாக இருக்கிற கிராமத்தில் கொசு எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் பயப்பட வேண்டும்.

உமிழ்நீர்ச் சுரப்பியை ஊசியால் பிரித்துக் கிருமியை நேரில் பார்ப்பதும் உண்டு. இப்போது எலிசா, பி.சி.ஆர். சோதனைகளில் பல கொசுவை ஒன்றாகப் பார்த்துவிடுகிறார்கள். வயிற்று ரத்தம் மனிதனுடையதா மாட்டினுடையதா என்றும் சோதிப்பார்கள். பூச்சிமருந்துக்குக் கொசு சாகிறதா என்று பார்க்க, மருந்து தடவிய தாள் வைத்த குழாயில் ஒரு மணி நேரம் விட்டு, 24 மணி நேரம் கழித்து எண்ணுவார்கள். 100-க்கு 98-ம் அதற்கு மேலும் செத்தால் மருந்து வேலை செய்கிறது. 90-க்குக் கீழ் என்றால் கொசு அந்த மருந்தைத் தாங்கப் பழகிவிட்டது.

இனி ராமேஸ்வரத்துக்காரர்கள் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். கியூலிசிஃபேசிஸ் என்று நாம் சொல்வது ஒரே கொசு கிடையாது. வெளித்தோற்றத்தில் பிரிக்கவே முடியாத ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து உடன்பிறப்பு இனங்கள். இதில் பி மலேரியாவைக் கடத்துவதில் சோப்ளாங்கி. ராமேஸ்வரத்தில் கிடைத்ததும் குரோமோசோம் வரிகளைப் பார்த்தால் பி மாதிரிதான் தெரிந்தது. ஆனால் அங்கே மலேரியா இருந்ததே! சரளா சுப்பாராவ் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் தாய்க் கொசுவைத் தனித்தனியாக முட்டையிட வைத்து, பிறந்த ஆண் புழுக்களின் ஒய் குரோமோசோமைப் பார்த்தார்கள். சிலவற்றில் அதன் வடிவம் வேறு. கிருமி இருந்த கொசுக்கள் அந்தப் பக்கம்தான் சேர்ந்தன. 1999-இல் அதை ஈ என்று தனி இனமாக அறிவித்தார்கள். இலங்கையிலும் பிறகு அதே இனம் முக்கியக் கடத்தியாகத் தெரிந்தது. உடன்பிறப்புகளைப் பிரிக்கிற அந்தக் குரோமோசோம் வரிகள், பாதி முட்டை நிலையில் இருக்கிற கொசுவின் சினைப்பையில்தான் தெளிவாகக் கிடைக்கும். நீங்கள் விடியற்காலையில் பிடித்து வயிற்று நிலையைச் சரியாகக் குறித்த கொசு, இப்படிப்பட்ட வேலைக்குப் போகிறது.

கடலுக்கு அந்தப் பக்கத்தையும் நினைவில் வையுங்கள். இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார அமைப்பின் சான்று வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரில், அதுவரை அந்த நாட்டில் கண்டிராத ஸ்டீபன்சியைப் பார்த்தார்கள். தனுஷ்கோடி மணல் திட்டுகளுக்கு எதிர்க்கரை அது.

கண்டுபிடித்த பிறகு

அனாபிலஸ் புழு கிடைத்த அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். அந்தத் தெருவில் காய்ச்சல் உள்ளவர்கள் யார், மங்களூர், கேரளக் கரைகளுக்குத் தொழிலுக்குப் போய்த் திரும்பியவர்கள் யார் என்று விசாரித்து, காய்ச்சல் இருந்தால் ரத்தத் தடவல் எடுக்கச் சொல்லுங்கள். நம் பக்கம் பெரும்பாலும் வைவாக்ஸ் வகை மலேரியா. ஈரலில் பதுங்கி, மாதக்கணக்கில் கழித்தும் திரும்ப வரும். பிரைமாகுவின் மாத்திரையை 14 நாளும் முழுசாகச் சாப்பிட வேண்டும். ஆனால் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அதைக் கொடுக்கக் கூடாது, மற்றவர்களும் மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும்.

தண்ணீரைக் கொட்டச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். இந்த ஊரில் அது நடக்காது, நியாயமும் இல்லை. வடிகட்டி வேறு பாத்திரத்துக்கு மாற்றி, தொட்டி உள்சுவரைத் தேய்த்துக் காயவிட்டு, திரும்ப ஊற்றி, துணியோ வலையோ இறுக்கிக் கட்டினால் போதும். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும் என்பதால், வாரம் ஒரு நாள் இதைச் செய்தால் சுழற்சி அறுந்துவிடும். சின்டெக்ஸ் டேங்கில் மூடியை மட்டும் பார்த்துவிட்டு இறங்காதீர்கள். தண்ணீர் நிறைந்து வழிகிற குழாயின் வாயிலும் நைலான் வலை கட்டியிருக்க வேண்டும், பாதி வீடுகளில் அது திறந்தே கிடக்கும். கிணற்றுக்கும் சவுக்குக் குழிக்கும் கப்பி மீன் நல்லது. புழுவைக் கொல்கிற அபேட் மருந்தை அளவு தெரிந்த பணியாளர்தான் ஊற்ற வேண்டும். பயன்படாத குழியை மணல் தள்ளி மூடச் சொல்லுங்கள்.

ஒரு வாரம் கழித்து அதே இடத்துக்கு, அதே நேரத்தில், அதே அகப்பையோடு போய், அதே எண்ணிக்கையில் முக்குங்கள். கூட்டுப்புழு கிடைத்தால் அந்தத் தொட்டியிலோ குழியிலோ வேலை சரியாக நடக்கவில்லை; அங்கிருந்து தொடங்கி, வீடு வீடாக மறுபடி பாருங்கள்.